அடுத்து எந்த நாடு அணு ஆயுதம் தேடும்? கணிப்பைப் படிப்படியாகச் செய்யும் முறை

1963 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி, 1970-களில் 15, 20, ஏன் 25 நாடுகளிடம்கூட அணு ஆயுதம் இருக்கலாம் என்று எச்சரித்தார். அறுபது ஆண்டு கடந்தும் அணு ஆயுதம் வைத்திருப்பவை 9 நாடுகள்தான். கென்னடிக்குத் தகவல் குறைவில்லை. திறன் இருக்கும் நாடுகளை எண்ணியதும் விருப்பமும் கூடவே இருக்கும் என்று கொண்டதுதான் கோளாறு. இன்றும் புதிதாக இதில் இறங்குபவர்களில் பெரும்பாலானோர் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முக்கியமாக, எண் ஒன்றை எழுதி வைக்கும் முன் அந்த நாட்டைப் பற்றிய நடப்புச் செய்திகளைப் படிக்காதீர்கள். செய்தி முதலில் வந்தால் எண் அதன் பின்னால் போய்விடும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள். அதில் நாட்டின் பெயர், கேள்வி, முடிவுத் தேதி, தொடக்க நிகழ்தகவு, திருத்தங்கள், காரணம், திருத்திய தேதி என்று ஏழு பத்திகள். காரணப் பத்தியைக் காலியாக விடுபவர்கள் ஆறு மாதம் கழித்துத் தங்கள் எண்ணையே புரிந்துகொள்ள முடியாமல் விழிப்பார்கள்.

அடுத்து மூல ஆவணங்கள். வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை (ஐ.ஏ.இ.ஏ.) எந்த நாட்டுடன் எந்த வகைக் கண்காணிப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளது என்று பட்டியல் வெளியிடுகிறது. உலைகளின் விவரம் அதே முகமையின் தரவுத்தளத்தில் கிடைக்கும். ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகள் தங்கள் புளூட்டோனிய இருப்பை ஆண்டுதோறும் முகமைக்கு அறிவிக்கின்றன. நாடுகளுக்கு இடையிலான அணு ஒத்துழைப்பு ஒப்பந்தங்களின் மூல வாசகமும் வேண்டும். பத்திரிகைச் சுருக்கத்தில் நிபந்தனைகள் காணாமல் போகும்.

கண்காணிப்பு என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே மனத்தில் வையுங்கள். நம் ஊர் உதாரணமே போதும்: கூடங்குளத்தில் ஓடும் இரண்டு ரஷ்ய வகை உலைகளும் ஐ.ஏ.இ.ஏ. கண்காணிப்பில் உள்ளன. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் அதில் இல்லை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவில் கண்காணிப்பு உலை உலையாகப் பிரிகிறது. ஒப்பந்த உறுப்பு நாடுகளில் நாடு முழுவதும் கண்காணிப்புக்குள் வர வேண்டும். ஆனால் 1997-இல் வந்த கூடுதல் நெறிமுறையை ஏற்றால்தான் அறிவிக்கப்படாத இடங்களைத் தேட முகமைக்குப் போதிய அதிகாரம் கிடைக்கும்.

## 2. கேள்வியை ஒரு வரியில் பூட்டுங்கள்

“சவுதி அணு ஆயுத நாடாகுமா?” என்பது கேள்வியே அல்ல. எப்போதைக்குள்? எது நடந்தால் ‘ஆம்’? யார் சொன்னால் ஏற்போம்?

நாடுகள் ஏறும் படிகள் நான்கு: அக்கறை இல்லை, ஆராய்ந்து பார்க்கிறது, முனைந்து முயல்கிறது, ஆயுதம் கையில் வந்துவிட்டது. உங்கள் கேள்வி எந்தப் படியைப் பற்றியது என்று எழுதுங்கள். சுவிட்சர்லாந்தும் சுவீடனும் ஒரு காலத்தில் இரண்டாம் படியில் நின்றவைதான். அவற்றை மூன்றாம் படியில் சேர்த்து எண்ணினால் கணக்கு முழுவதும் ஊதிவிடும்.

பிறர் ஆயுதத்தைத் தன் மண்ணில் வைத்திருப்பது தன் ஆயுதம் அல்ல. பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளில் அமெரிக்க அணுகுண்டுகள் இருப்பதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. அவற்றை இயக்கும் அதிகாரம் வாஷிங்டனிடம்தான். போலந்தைப் பற்றிய கேள்வியில் இது உடனே தலைகாட்டும். 2025 மார்ச்சில் பிரதமர் டஸ்க் நாடாளுமன்றத்தில் அணு ஆயுத வாய்ப்புகளைப் பற்றிப் பேசியபோது, சொந்த ஆயுதம், பிரான்ஸின் பாதுகாப்புக் குடை இரண்டும் ஒரே பேச்சாகக் கலந்து செய்தியானது.

நல்ல கேள்வி இப்படி இருக்கும்: “2035 டிசம்பர் 31-க்குள் தென்கொரியா அணு ஆயுதத்தை உருவாக்கத் தொடங்கிவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவிக்குமா, அல்லது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 10-ஆவது பிரிவின்படி விலகல் அறிவிப்புக் கொடுக்குமா?” அந்தப் பிரிவு மூன்று மாத முன்னறிவிப்புக் கேட்கிறது. தேதியும் ஆவணமும் உள்ள நிகழ்வு என்பதால் கேள்வியை மூடுவதில் சண்டை வராது.

## 3. அடிப்படை விகிதத்தைக் கணக்கிடுங்கள்

பலர் தாண்டிவிடும் படி இது. எந்த நாடு என்று பார்க்காமல், ‘இப்படிப்பட்ட நாடுகளில் எத்தனை இதில் இறங்கின?’ என்று மட்டும் கேளுங்கள்.

ஒப்பந்தம் 1970 மார்ச் 5-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் முனைந்து முயன்ற, அல்லது அந்த எல்லையைத் தொட்ட நாடுகள் என்று பாகிஸ்தான், தென்கொரியா, தைவான், லிபியா, இராக், தென்னாப்பிரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, வடகொரியா, ஈரான், சிரியா ஆகியவற்றைச் சொல்லலாம். சிலவற்றை ஆராய்ச்சியாளர்கள் இரண்டாம் படியிலேயே நிறுத்துவார்கள். ஆக 10 முதல் 12 என்று வைப்போம்.

வகுக்கும் எண்ணில் உலக நாடுகள் அத்தனையையும் போடாதீர்கள். மாலத்தீவும் பூட்டானும் கணக்கில் வந்தால் விகிதம் பொய்யாகச் சுருங்கும். தொழில்திறன் உள்ளவை 45 என்று தோராயமாகக் கொண்டால், 55 ஆண்டுக்கு 2,475 நாட்டு-ஆண்டுகள். 12-ஐ அதால் வகுத்தால் ஆண்டுக்கு 0.5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு.

இப்போது 1991-க்குப் பிந்தைய காலத்தை மட்டும் எடுங்கள். புதிய தொடக்கம் என்று சொல்லத்தக்கவை ஒன்றோ இரண்டோதான். 50 நாடு, 34 ஆண்டு என்று வைத்தால் பத்தாண்டுக்கு 1 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.

எது சரி? இரண்டும்தான். பனிப்போர்க் கால உலகம் திரும்புகிறது என்று நினைத்தால் 5-இன் பக்கம், கண்காணிப்பு இன்னும் பிடியோடு இருக்கிறது என்றால் 1-இன் பக்கம். இரண்டையும் விரிதாளில் எழுதிவிட்டு நடுவில் 3 என்று தொடங்குவது கையாளச் சுலபம். 30 விழுக்காட்டில் தொடங்குகிறவர் எவராயினும், ஏன் பத்து மடங்கு என்று விளக்கும் கடமை அவருடையது.

## 4. திறனுக்கும் விருப்பத்துக்கும் தனித்தனித் தாள்

ஒரே தாளில் எழுதினால் ஒன்று மற்றதன் மேல் நிழல் விழுத்தும்.

திறன் தாளில் வரவேண்டியவை: யுரேனியம் செறிவூட்டும் ஆலை உண்டா, எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் மறுசெயலாக்க வசதி உண்டா, இருப்பு எவ்வளவு, தாங்கிச் செல்ல ஏவுகணை உண்டா, பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டா. ஐ.ஏ.இ.ஏ. பயன்படுத்தும் அளவுகோல் 8 கிலோ புளூட்டோனியம், அல்லது உயர்செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235. அந்த அளவு காணாமல் போனால் ஓர் ஆயுதத்துக்கான வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்பதே அதன் பொருள்.

மின்உலை இருப்பதற்கு அதிக மதிப்பெண் தராதீர்கள். இந்தியாவின் 1974 பொக்ரான் சோதனைக்குப் புளூட்டோனியம் தந்தது கனடா உதவியுடன் கட்டிய சைரஸ் ஆராய்ச்சி உலை. வடகொரியாவுக்குத் தந்தது யோங்பியோனின் 5 மெகாவாட் உலை. ஐக்கிய அரபு அமீரகம் பரக்காவில் நான்கு பெரிய உலைகளை ஓட்டுகிறது. ஆனால் 2009-இல் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தில் செறிவூட்டலையும் மறுசெயலாக்கத்தையும் கைவிட்டது. கேட்க வேண்டியது எத்தனை உலை என்பதல்ல, எரிபொருள் சுழற்சி (செறிவூட்டலும் மறுசெயலாக்கமும்) யார் கையில் என்பதே.

விருப்பத் தாளில்: கண்ணெதிரே அணு ஆயுத எதிரி உண்டா, காப்பாற்றுவேன் என்ற கூட்டாளியின் சொல் எவ்வளவு நம்பத்தக்கது, ஆட்சியைத் தாங்கும் கூட்டம் ஏற்றுமதியில் வாழ்கிறதா அடைத்த பொருளாதாரத்தில் வாழ்கிறதா, முடிவெடுப்பவர் ஒருவரா பலரா.

ஜப்பானை வைத்து இந்த இரு தாளையும் சோதித்துப் பாருங்கள். பிரித்தெடுத்த புளூட்டோனியம் சுமார் 44 டன். பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்ஸிலும் இருக்கிறது. 8 கிலோ அளவுகோலால் வகுத்தால் 5,000-ஐத் தாண்டும். திறன் தாள் நிரம்பி வழிகிறது. அணு ஆயுதம் செய்யோம், வைத்திருக்கோம், நாட்டுக்குள் அனுமதியோம் என்று 1967-இல் பிரதமர் சாடோ அறிவித்த மூன்று கொள்கைகளோ இன்றும் அரசின் நிலைப்பாடு. பல பத்தாண்டுகளாக இந்த இடைவெளி அப்படியே நிற்கிறது. திறனை விருப்பமாகப் படித்தவர்கள் ஜப்பானில் ஆண்டுதோறும் தோற்றிருக்கிறார்கள்.

## 5. அடையாளங்களை எடை போடுங்கள்

இனிமேல்தான் செய்திகளைத் திறக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரே கேள்வி: ஆயுதம் தேடாத நாடும் இதைச் செய்யுமா? செய்யும் என்றால் அந்தச் செய்திக்கு எடை குறைவு.

கனமானவை. கண்காணிப்பில் ஏற்படும் பின்னடைவு. 2022 ஜூனில் ஈரான் ஐ.ஏ.இ.ஏ.வின் 27 கேமராக்களைக் கழற்றியது இந்த வகை. பொருளாதாரத் தேவை இல்லாத செறிவூட்டலும் அப்படியே. மின்உலைக்கு யுரேனியம்-235 பங்கு 3 முதல் 5 விழுக்காடு இருந்தால் போதும். 2021 ஏப்ரலில் ஈரான் 60 விழுக்காட்டைத் தொட்டது. மின்உலைத் தேவை அதற்கு விளக்கமாக முடியாது. மறைத்துக் கட்டிய ஆலை, போலி நிறுவனங்கள் வழியாகக் கொள்முதல், அணுத்திட்டத்தில் ராணுவத்தின் கை ஆகியனவும் இதில் சேரும். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரப் பாகங்கள் சிக்கின. அதன்பின் டிசம்பரில் லிபியா திட்டத்தையே ஒப்படைத்தது.

நடுத்தரம். ஒப்பந்தப் பேச்சில் ஒரு நாடு எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்பது. அமீரகம் விட்டுக்கொடுத்ததைச் சவுதி விட்டுக்கொடுக்க மறுப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அதே சவுதி, சிறு அளவுப் பொருள் வைத்திருக்கும் நாடுகளுக்கான தளர்ந்த கண்காணிப்பைக் கைவிடுவதாக 2023-இல் அறிவித்தது. எதிர்த்திசை அடையாளத்தையும் எழுதுங்கள். பலர் எழுதுவதில்லை.

இலேசானவை. மேடைப் பேச்சு. 2018 மார்ச்சில் சவுதி பட்டத்து இளவரசர், ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்றார். 2019 செப்டம்பரில் துருக்கி அதிபர் எர்டோகன், சில நாடுகளிடம் அணு ஏவுகணை இருக்கலாம், நம்மிடம் கூடாதா என்று கேட்டார். இப்படிப் பேசிக் கூட்டாளியிடம் சலுகை வாங்குவது ஒரு தந்திரம். உண்மையில் குண்டு செய்தவர்கள் செய்யும்போது பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைக் கட்டி, கலைத்து, அதன்பின் 1993 மார்ச்சில்தான் உலகுக்குச் சொன்னது.

ஒப்பந்தத்தில் கையெழுத்து இருப்பதும் தனியாக ஆறுதல் தராது. இராக், லிபியா, ஈரான், சிரியா, வடகொரியா எல்லாமே உறுப்பினராக இருந்துகொண்டே வேலை பார்த்தவை.

‘உடைப்புக் காலம்’ என்ற சொல்லில் தடுக்கி விழாதீர்கள். ‘இரண்டு வாரம்’ என்று செய்தியில் வருவது ஒரு குண்டுக்கான செறிவூட்டிய பொருள் சேர ஆகும் காலம். குண்டு செய்து ஏவுகணையில் ஏற்றும் காலம் அல்ல, முடிவெடுக்கும் காலமும் அல்ல.

## 6. தடைக்கட்டைகளுக்கும் சம இடம்

கூட்டாளியின் அழுத்தம் வேலை செய்கிறது. 1970-களில் தென்கொரியா பிரான்ஸிடம் மறுசெயலாக்க ஆலை வாங்க முயன்றபோது அமெரிக்கா நெருக்கி 1976-இல் கைவிடச் செய்தது. தைவான் திட்டம் 1988-இல் அதே கையால் மூடப்பட்டது.

ஆனால் கூட்டாளிக்கு வேறு அவசரம் இருந்தால் தடை தளரும். 1980-களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்க்கப் பாகிஸ்தான் தேவைப்பட்டது. அணுத்திட்டத்துக்காக அமெரிக்கா உதவியை மறுபடி நிறுத்தியது 1990-இல்தான், சோவியத் படை வெளியேறிய பிறகு. எனவே ‘கூட்டாளி உண்டா’ என்பதோடு ‘கூட்டாளிக்கு இந்த நாட்டிடம் இப்போது என்ன வேலை’ என்பதையும் எழுதுங்கள்.

## 7. எண்ணைத் திருத்துங்கள்: தென்கொரியா

தொடக்கம் 3 விழுக்காடு. இதை நடக்கும் வாய்ப்பு 1, நடக்காத வாய்ப்பு 32 என்ற விகிதமாக, அதாவது 1-க்கு 32 என்று மாற்றிக்கொண்டால் பெருக்குவது எளிது.

எல்லைக்கு அப்பால் 2006 முதல் 2017 வரை ஆறு சோதனை நடத்திய எதிரி. இதற்கு 3 மடங்கு: 3-க்கு 32.

முன்பே ஒருமுறை முயன்ற நாடு. ஏவுகணைத் தொழிலும் அணுமின் தொழிலும் பெரியவை. 2025 இறுதியில் அணுசக்தி நீர்மூழ்கிக்கு அமெரிக்கா ஒப்புதல் தெரிவித்து, அமைதி வழிச் செறிவூட்டலுக்கான முயற்சிக்கும் ஆதரவு சொன்னது. மொத்தமாக 2 மடங்கு: 6-க்கு 32.

எதிர்ப்பக்கம்: அமெரிக்கப் படை மண்ணில் நிற்கிறது. 2023 ஏப்ரல் வாஷிங்டன் பிரகடனத்தில் ஒப்பந்தக் கடமையை சியோல் மீண்டும் உறுதிசெய்தது. ஏற்றுமதியை நம்பிய பொருளாதாரம், தடை வந்தால் உலைக்கே எரிபொருள் தட்டுப்பாடு. பாதியாக்குங்கள்: 3-க்கு 32. அதாவது 35-இல் 3, சுமார் 9 விழுக்காடு.

மடங்குகள் நம் மதிப்பீடுதான். உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் கருத்துக்கணிப்புகளில் சுமார் 70 விழுக்காட்டினர் சொந்த அணு ஆயுதத்தை ஆதரிப்பதையும், 2023 ஜனவரியில் அன்றைய அதிபர் யூன் அதைப் பற்றிப் பேசியதையும் இங்கே தனியாகப் பெருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை வடகொரிய மிரட்டலின் விளைவுகள். காரணத்தை ஏற்கெனவே எண்ணியாயிற்று. ஒரே காரணத்தை மூன்று பெயரில் மூன்று முறை பெருக்கி 40 விழுக்காட்டுக்குப் போய் நிற்பதுதான் இந்தப் படியில் அன்றாடம் நடக்கும் பிழை.

## 8. சங்கிலி விளைவைத் தனியாகக் கணக்கிடுங்கள்

“ஈரான் செய்தால் சவுதி செய்யும், சவுதி செய்தால் துருக்கி, எகிப்து” என்ற வாக்கியம் கட்டுரைகளில் வரிசையாக ஓடும். வரலாறு அவ்வளவு வேகமாக ஓடவில்லை. 1964-இல் சீனா சோதித்தது, இந்தியா பின்தொடர்ந்தது. இஸ்ரேல் ஆயுதம் பெற்றும் எகிப்து செய்யவில்லை. வடகொரியா சோதித்து ஏறத்தாழ இருபது ஆண்டாகியும் ஜப்பானும் தென்கொரியாவும் செய்யவில்லை. பாகிஸ்தானை இந்தியாவின் 1974 சோதனைக்குப் பதிலாகச் சொல்வதும் அரைகுறை. வங்கதேசப் போரில் தோற்ற கையோடு 1972 ஜனவரியில் முல்தான் கூட்டத்தில் பூட்டோ விஞ்ஞானிகளைத் திரட்டிவிட்டார்.

கணக்கு இப்படி. ஒரு பயிற்சிக்காக, பத்தாண்டுக்குள் ஈரான் வெளிப்படையாக ஆயுதம் பெறும் வாய்ப்பு 25 விழுக்காடு என்று வையுங்கள். பெற்றால் சவுதி முனையும் வாய்ப்பு 20, பெறாவிட்டால் 3. முதல் வழி 0.25 × 0.20 = 5 விழுக்காடு. இரண்டாம் வழி 0.75 × 0.03 = 2.25. கூட்டினால் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ‘ஈரான் செய்தால்’ என்ற நிபந்தனையைக் கணக்கில் விட்டுவிட்டு 20 என்று சொல்பவர் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகைப்படுத்துகிறார்.

2025 செப்டம்பரில் சவுதியும் பாகிஸ்தானும் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தை எந்தப் பக்கம் போடுவது? குடை கிடைத்தால் சொந்தக் குண்டுக்கான தேவை குறையும். எதிரியின் கண்ணுக்கு அதுவே முன்னேற்பாடாகத் தெரியும். நம் கணக்கில் அது சிறிது இறக்கம்.

## 9. கண்ணில் படாத திட்டங்கள்

சிரியாவின் அல் கிபார் உலை 2007 செப்டம்பர் 6-இல் குண்டு வீசி அழிக்கப்படும்வரை பொதுவெளியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈரானின் நதான்ஸ் 2002 ஆகஸ்டிலும் ஃபோர்டோ 2009 செப்டம்பரிலும் வெளிவந்தன. ஆகவே ‘தொடங்கும்’ என்பதும் ‘தொடங்கியது தெரியவரும்’ என்பதும் இரண்டு கேள்விகள். முதலாவதின் எண் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

எவ்வளவு கூடுதல்? இராக் இரு பக்கமும் அடி வாங்கித் தந்த பாடம். 1991 போருக்குப் பின் போன ஆய்வாளர்கள், வெளியில் கணித்ததைவிடப் பெரிய திட்டத்தைக் கண்டார்கள். அந்தச் சூடு ஆறாமல் 2003-இல் ‘மறைத்துத்தான் வைத்திருப்பார்கள்’ என்று போனபோது திட்டமே இல்லை. ஆதாரம் இல்லாததையே ஆதாரமாக எடுக்கக் கூடாது. ஊடுருவிப் பார்க்க வழியுள்ள நாட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எண் இறங்கட்டும். கூடுதல் நெறிமுறை இல்லாத, ஆய்வாளர் நுழைய முடியாத நாட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எண் அசைய வேண்டியதில்லை. 2025 ஜூன் தாக்குதல்களுக்குப் பின் ஈரான் விஷயத்தில் இதுதான் சிக்கல். தாக்குதலுக்கு முன் 60 விழுக்காட்டு யுரேனியம் 440 கிலோவுக்கு மேல் இருந்தது என்பது முகமையின் மதிப்பீடு. அதன்பின் அதை முழுதாகச் சரிபார்க்க ஆய்வாளர்களுக்கு வழி கிடைக்கவில்லை.

பழைய நிகழ்வுகளை வைத்து உங்கள் முறையைச் சோதிக்கும்போதும் இதே எச்சரிக்கை. 1985-இல் நின்று தென்னாப்பிரிக்காவைக் கணிக்கிறீர்கள் என்றால் 1993 அறிவிப்பைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

## 10. பதிவும் மதிப்பெண்ணும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளைத் திறங்கள். ஐ.ஏ.இ.ஏ. ஆளுநர் குழு வழக்கமாக மார்ச், ஜூன், செப்டம்பர், நவம்பரில் கூடுகிறது. அதை ஒட்டி அறிக்கைகள் வரும், அந்த வாரத்தையே குறித்துவையுங்கள். இடையில் வரும் தலைப்புச் செய்திக்காக எண்ணைத் தொடாதீர்கள். விலகல் அறிவிப்பு, ஆய்வாளர் வெளியேற்றம், புதிய ஆலை கண்டுபிடிப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் உடனே திறக்கலாம்.

மதிப்பெண்ணுக்குப் பிரையர் முறை போதும். நீங்கள் சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 9 விழுக்காடு சொல்லி நடக்காவிட்டால் 0.0081. நடந்துவிட்டால் 0.8281. சிறிய எண் நல்லது.

இங்கே ஒரு வில்லங்கம்: எல்லா நாட்டுக்கும் 0 என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பவரும் பல ஆண்டு அருமையான மதிப்பெண் வாங்குவார். அதனால் பத்தாண்டுக் கேள்வியோடு குறுகிய காலக் கேள்விகளையும் சேருங்கள்: அடுத்த ஆளுநர் குழுக் கூட்டத்துக்குள் ஆய்வாளர் இன்ன ஆலைக்குள் போவாரா, ஓராண்டுக்குள் இன்ன ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகுமா, அதில் செறிவூட்டலுக்குத் தடை இருக்குமா. ஆண்டுக்கு இருபது முப்பது கேள்வி மூடினால்தான் உங்கள் 10 விழுக்காடு உண்மையில் பத்தில் ஒன்றாக நடக்கிறதா என்று பார்க்க முடியும். நீண்ட காலக் கேள்விக்கு முடிவுத் தேதி வரும்வரை அந்தச் சிறு கேள்விகளின் மதிப்பெண்தான் கணக்கு.